ஒரே பாறையில் இருவர்

பெங்களூரு
9 ஆகஸ்ட் 2024

சுமி,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபாலாபீஸ் வரிசையில் நின்று ஸ்டாம்ப் வாங்க வைத்துவிட்டாய். சந்தோஷமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஆன்லைன் ஆட்டத்தில் போன் வழியாக என் காதில் என்ன சொன்னாய்? "ஏழும் மூணும், குப்பை மாமா" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தாய். அந்த 'மிளகுக்காரன்' என்ற பெயரில் ஆடுகிறவன் அள்ளிக்கொண்டு போனான். உன் கணக்கைத் திறந்து கொடுத்தவனே நான்தான், பாஸ்வேர்டும் நான் வைத்ததுதான். உள்ளே போய்ப் பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். உன் கையில் இருந்தது இரண்டு ராஜா. நின்றிருந்தால் ஆட்டம் நம்முடையது.

அது ஒரு தடவை மட்டும் இல்லை. முந்தின வாரம் "ஏஸ் இருக்கு, நீங்க வெலகுங்க" என்றாய். விலகினேன். உன்னிடம் ஏஸும் இல்லை, நீயும் நிற்கவில்லை. அப்போதும் அவனுக்குத்தான் போனது.

போக்கரில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மேசையில் ஆறு பேர். ஒவ்வொருவனுக்கும் அவன் சீட்டு மட்டும்தான் தெரியும். நமக்கு மட்டும் நான்கு சீட்டு தெரியும். யாரிடம் நல்லது இருக்கிறதோ அவர் நிற்பது, மற்றவர் விலகுவது. தேவைப்பட்டால் இருவரும் பந்தயத்தை ஏற்றி நடுவில் மாட்டியவனை நசுக்குவது. இது நடக்க வேண்டுமானால் நீ என்னிடம் உண்மையான சீட்டைச் சொல்ல வேண்டும். இதில் வேறு கஷ்டமே கிடையாது.

முன்பு பூபதியும் நானும் கூட்டாகப் பிளாட்டில் நேரில் ஆடியபோது பந்தய வில்லையைச் சீட்டின் மேல் வைத்தால் நல்லது, பக்கத்தில் வைத்தால் குப்பை என்று சைகை வைத்திருந்தோம். எதிரே இருப்பவன் முகம் சுண்டுவதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அதை விட்டுவிட்டு ஆன்லைனுக்கு வந்ததே இங்கே முகம் இல்லை என்பதால்தான். உன்னை நம்பித்தான் வந்தேன்.

வேலை பார்த்த கம்பெனி என்னை வெளியே அனுப்பியதிலிருந்து என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. தை மாதத்துக்குள் நிலையான வேலை இல்லையென்றால் பெண் கிடையாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தும் எவனுக்கோ தூக்கிக் கொடுக்கிறாய்.

யார் அவன்? அதற்கு மட்டும் பதில் போடு.

அர்த்தனாரி


பெங்களூரு
16 ஆகஸ்ட் 2024

சுமித்ரா,

ஒரு வாரம் பார்த்தேன். பதில் இல்லை. பதில் இல்லாததும் ஒரு பதில்தான்.

மிளகுக்காரனின் விவரப் பக்கத்தை இன்றுதான் திறந்து பார்த்தேன். ஊர்: கொல்லிமலை. நீ வேலை பார்க்கும் அதே மலை. நீ ஆட வரும்போது அவன் வருகிறான், நீ போனதும் போகிறான். இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். இந்த இரண்டு கணக்கும் கூட்டு, ஒரே டவரிலிருந்து ஆடுகிறார்களா பாருங்கள், ஜெயிக்கிற சீட்டை ஒருத்தி மற்றவனுக்கு விடுகிறாள் பாருங்கள் என்று ஆட்டம் ஆட்டமாகக் காட்டி எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. நாம் இருவரும் பேசிக்கொண்டது போனில், அது அவர்கள் கண்ணில் படாது. உன் கணக்கும் போய்விடும். போகட்டும்.

அர்த்தனாரி


வளப்பூர் நாடு, கொல்லிமலை
17 ஆகஸ்ட் 2024

மாமா,

ஒன்பதாம் தேதி எழுதியது இன்றுதான் கைக்கு வந்தது. தபால் எங்கள் பக்கம் தினமும் வருவதில்லை. நான் பதில் போடவில்லை என்று இதற்குள் எத்தனை தடவை கத்தியிருப்பீர்களோ.

போனைத் தடுத்தது கோபத்தில் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்பீர்கள். காகிதத்தில் குறுக்கே வர முடியாது.

நான் நர்ஸாக இருக்கும் சப்-சென்டரில் சிக்னல் கிடையாது, உங்களுக்குத் தெரியும். பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு பாறை. அங்கே ஏறினால்தான் எடுக்கும். சாயங்காலமானால் ஊரில் போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான். நானும் ஒரு ஓரமாக இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். நர்சம்மா அவங்க ஊட்டோட பேசுது என்று யாரும் கிட்டே வர மாட்டார்கள்.

சற்றுத் தள்ளி ஒருவர் உட்காருவார். அவர் போனில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. நம் மேசையில் மிளகுக்காரன் முறை வரும்போதெல்லாம் அவர் போனில் மணி அடித்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

அன்று நீங்கள் "ரெண்டு பக்கமும் ஏத்து, நசுக்கு ஆள" என்றீர்கள். ஏற்றினேன். அந்த மனிதர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பிறகு விலகிவிட்டார். என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏனுங்க நர்சம்மா, உங்களுக்கு டவரு நல்லா எடுக்குதுங்களா? எனக்கு டவரும் வரமாட்டீங்குது, சீட்டும் வரமாட்டீங்குதுங்க" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். வேர்வை என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கழுத்தையும் துடைத்தார்.

பெயர் சின்னக்கண்ணு. மரமேறி மிளகு பறிக்கிறவர். மனைவி வேலம்மாள் ஐந்தாம் மாதம். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, வாரா வாரம் நான் போய்ப் பார்க்க வேண்டும். அவள் வீட்டில் மோர் குடித்துவிட்டு வந்து பாறையில் உட்கார்ந்து அவள் புருஷனை நசுக்கியிருக்கிறேன்.

அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் உங்களிடம் பொய் சொன்னேன். நாம் எடுத்ததெல்லாம் அவரிடம் திரும்பிப் போகும்வரை பொய்யே சொல்வது என்று முடிவு செய்தேன். நேரில் ஆடினால் முகம் தெரிகிறது என்றுதானே நீங்கள் ஆன்லைனுக்கு வந்தீர்கள்? எனக்கு இங்கேயும் முகம் தெரிந்துவிட்டது.

போதும் மாமா. விட்டுவிடுவோம். ஒரு நாள் பஸ் ஏறி வாருங்கள். பேசுவோம். அதுவரை எதுவும் செய்துவிடாதீர்கள்.

சுமி


பெங்களூரு
24 ஆகஸ்ட் 2024

சுமி,

உன் கடிதம் வந்தது. என் இரண்டாவது கடிதமும் உனக்கு வந்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. தபாலை நம்பினால் இதுதான். வாயைத் திறந்து அன்றே சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அனுப்பியது அனுப்பியதுதான், திரும்ப வாங்க முடியாது.

நீ சொல்வதை நம்புகிறேன். தொண்ணூறு சதவீதம். மிச்சம் பத்து ஏன் என்று கேட்காதே. நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் ஒருவனுக்காகக் கையிலிருக்கும் இரண்டு ராஜாவைக் கீழே போடுகிறாள் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அது கிடக்கட்டும். நல்ல செய்தி. அந்தக் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். ஆட்டத்தில் கூட்டுக் களவாணிகளைக் கண்டுபிடிக்க ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். என் புகாரைப் படித்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்த ஆள் வெளியே ஏன் இருக்கிறான் என்று கேட்டார்களாம். நேர்முகம் முடிந்தது, எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் பதினாறு, திங்கட்கிழமை சேர வேண்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்பச் செரிங்க தம்பி, தேதி பாத்துரலாம்" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கிறதா?

அர்த்தனாரி


வளப்பூர் நாடு
7 செப்டம்பர் 2024

மாமா,

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தடுப்பூசி நாளன்று சின்னக்கண்ணு போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நர்சம்மா, இங்கிலீசுல என்னமோ வந்திருக்குதுங்க. படிச்சுச் சொல்லுங்க சாமி" என்றார். சுற்றிலும் குழந்தைகளோடு பெண்கள். வாங்கிப் பார்த்தேன். 'சுமித்ரா ஆர் என்ற ஆட்டக்காரருடன் ரகசியக் கூட்டு வைத்து ஆடியதால் உங்கள் கணக்கு மூடப்பட்டது.' என் போனுக்கும் அதுவேதான் வந்திருந்தது. அவர் பெயரோடு.

"கணக்க மூடிட்டாங்களாமுங்க, இனி ஆட முடியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "போவுது போங்க, சனியன் தொலஞ்சுது" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக் கடைச் செல்வம் அதை முழுசாகப் படித்திருக்கிறான், சத்தமாக. "யார்ரா இது சுமித்ரா? நம்ம நர்சம்மா பேரல்ல?" சந்தையில் அவரோடு எப்போதும் சீட்டாடுகிறவர்கள் அன்று அவருக்குச் சீட்டே போடவில்லையாம். "உனக்கெதுக்கப்பா எங்க ஆட்டம்? உனக்குத்தான் பாறை மேல கூட்டாளி இருக்குதே." அந்தப் பேச்சு ஊருக்குள் வந்து சேர இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேற்று வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேற நர்சு வந்தா காட்டிக்கறனுங்க."

"என்ன வேலம்மா, என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்னுதானுங்க இருந்தேன். கம்பெனிக்காரனுக்கு நம்ம மேல என்னங்க கோவம்? அவன் எதுக்குப் பொய் எழுதறான்? செரி, அதுகூட உடுங்க. நீங்க படிச்சுச் சொன்னப்ப உங்க பேர மட்டும் ஏனுங்க முழுங்கிட்டீங்க?"

உள்ளே சின்னக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வீங்கிய காலோடு நிற்கிறாள், நான் பையோடு வெளியே நிற்கிறேன். அழுத்தம் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

நான் என்ன சொன்னாலும் இனி நம்ப மாட்டாள். நீங்கள் வாருங்கள். ஒரே ஒரு நாள். அந்த வாசலில் நின்று, "இவளோடு கூட்டு வைத்து ஆடியவன் நான்தான், உன் புருஷன் இல்லை" என்று சொல்லுங்கள். கம்பெனிக்கு எழுதுவது பிறகு பார்க்கலாம். அவள் கையை நீட்டினால் எனக்குப் போதும்.

சுமி


பெங்களூரு
13 செப்டம்பர் 2024

சுமி,

உணர்ச்சிவசப்படாமல் கேள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். கூட்டு ஆட்டத்தைப் பிடிக்கிற வேலை. இப்போது நான் அங்கே வந்து, கூட்டு ஆடியவன் நானே என்று வாயால் சொல்கிறேன் என்று வை. அந்தச் செல்வம் போனில் பிடித்துப் போட்டால் வேலை போகும். வேலை போனால் உன் அப்பா என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். யாருக்காக இதைச் செய்கிறேன் என்று நினைக்கிறாய்?

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியட்டும். உள்ளே இருந்துகொண்டே அவன் கணக்கைத் திறக்க வழி பார்க்கிறேன். கல்யாணம் முடிந்ததும் இருவருமாகவே அந்த வீட்டுக்குப் போவோம். ஜோடியாகப் போய் நின்றாலே எல்லாம் சரியாகிவிடும்.

அதுவரை அந்தப் பெண்ணைச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். அவளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும், அவ்வளவுதான். அது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

கொஞ்சம் பொறு. நான் சொல்வது கணக்குப்படி சரி.

அர்த்தனாரி


வளப்பூர் நாடு
29 செப்டம்பர் 2024

மாமா,

அவள் செம்மேட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் வளைவுகளில் குலுங்கினால் இதுவும் போய்விடும் என்று பயப்படுகிறாள். மற்ற வீட்டுப் பெண்களும் இப்போது என்னைப் பார்த்ததும் புருஷன் எங்கே இருக்கிறான் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாறுதல் கேட்டு எழுதினேன். கிடைத்துவிட்டது. என் இடத்துக்கு ஜாஸ்மின் வருகிறாள், நல்ல பெண். முதல் வேலையாக வேலம்மாளைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தேதி பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை.

எழுதுவதானால் ராசிபுரத்து எங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

சுமித்ரா


கொல்லிமலை
15 டிசம்பர் 2024

சுமி,

தேதிக்கு மேலே இருக்கும் ஊரைப் பார். வந்துவிட்டேன். நீ இல்லாத ஊருக்கு.

வேலையில் ஒரு மேல்முறையீட்டை என் பக்கம் தள்ளினார்கள். தமிழில் இருக்கிறது, நீயே முடித்துவிடு என்றார்கள். சின்னக்கண்ணு எழுதியது. 'ஐயா, எனக்குக் கணக்கு வேண்டாம், காசும் வேண்டாம். நான் யாரோடும் கூட்டுச் சேரவில்லை என்று தமிழில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீட்டில் காட்ட வேண்டும்.'

மூடு, திற என்று இரண்டு பொத்தான்தான் அதில். என் புகாரின் அடிப்படையில் பார்த்தால் மூட வேண்டும். சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் நவநீதகிருஷ்ணனிடம் போய், கூட்டு ஆடிய ஆள் நான்தான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எங்களிடம் வந்ததே இதை வைத்துத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் கம்பெனித் தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டேன். தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்தேன்.

வேலம்மாள் வாசலில் நின்றாள். நிறைமாதம். "நீங்க யாருங்க?" என்றாள். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டேன். தாளை நீட்டினேன். சின்னக்கண்ணு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் காதில் பேசிக்கொண்டிருந்தவன் நான், நசுக்கு என்றவன் நான், புகார் கொடுத்தவனும் நான்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ஆடி மாசத்துல நா கெலிச்சனே... அதெல்லாம் நர்சம்மா உட்டுக் குடுத்ததுங்களா?"

ஆமாங்க என்றேன்.

"நா நல்லா ஆடிப் பழகிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"ஆமா, ஆடிக் கிழிச்சீங்க" என்றாள் வேலம்மாள். சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு மரவள்ளிக் கிழங்கு வைத்தாள். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நர்சம்மாவுக்கு நீங்கதானுங்களா?"

அதற்கும் ஆமாங்க என்றேன் சுமி. வேறு என்ன சொல்வது?

"இத அன்னைக்கே வந்து சொல்றதுக்கென்னங்க சாமி? அந்தப் புள்ள பையத் தூக்கிட்டுத் திரும்பிப் போச்சுங்களே."

மிச்சக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

எனக்கு இப்போது வேலை இல்லை. உன் அப்பாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொன்ன கணக்கு எதுவும் சரியில்லை, அது மட்டும் தெரிகிறது. நாளை காலை பஸ்ஸில் மலையிறங்குகிறேன். ராசிபுரம் வழியாகத்தான் போகும். அங்கே இறங்க மாட்டேன். நீ இறங்கு என்று எழுதினால் எங்கிருந்தாலும் வருவேன். இந்தத் தடவை காத்திருக்கிறேன்.

அர்த்தனாரி


30 டிசம்பர் 2024

அர்த்தனாரிக்கு,

நீங்கள் செய்தது நல்ல காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன், நிஜமாகவே.

புகார் கொடுத்தீர்கள் என்பதில் எனக்குக் கோபம் இருந்தது, போய்விட்டது. கோபத்தில் யாரும் எதையும் செய்வார்கள். எனக்கு எதிரே ஒரு மனிதர் கண்ணைத் துடைத்ததைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு என்னை எத்தனை சதவீதம் நம்புவது என்று யோசித்தீர்கள். அவளுக்கு ஒரு நர்ஸ் போதும் என்றீர்கள். அந்த இரண்டு கடிதத்தையும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன், வேறு மாதிரி அர்த்தம் வருகிறதா என்று. வரவில்லை. காத்திருக்கிறேன் என்கிறீர்கள். வேண்டாம்.

வேலம்மாளுக்குப் பெண் குழந்தை. ஜாஸ்மின்தான் கூட இருந்தாள். இருவரும் நலம். நேற்று பாறையிலிருந்து சின்னக்கண்ணு போனில் பேசினார், பிறகு வேலம்மாளே வாங்கிப் பேசினாள். பச்சை உடம்போடு எதற்கு ஏறி வந்தாய் என்று திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு வந்துட்டுப் போனாருங்க நர்சம்மா. எப்பக் கல்யாணம் பண்ணுனீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுலியே? நா அத்தன பேசுனதுக்கு என்னைய ரெண்டு அப்பு அப்பிருந்தாக்கூடத் தேவலீங்க" என்று அழுதாள்.

இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பக்கத்தில் சின்னக்கண்ணு நிற்பது தெரிந்தது, குழந்தை சத்தம் கேட்டது. இல்லை என்றால் அவள் மறுபடி அவரைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்ப்பாள். "அவசரமா ஆயிப்போச்சு வேலம்மா" என்றேன்.

அதனால் அந்த ஒரு வீட்டில் மட்டும் நான் உங்கள் மனைவி. அது அப்படியே இருக்கட்டும். அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நான் சொன்னதுதான் சொன்னது.

தை கடைசியில் பேர் வைக்கிறார்களாம். நம் இருவரையும் ஜோடியாக வரச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் போய் வாருங்கள். கேட்டால், எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சுமித்ரா